கிச்சனர் வீதிக்குச் சம்பந்தி வந்த நாள்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மிதுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகம், அப்பாவின் முழங்காலும் என்னுடைய பிரஷரும்தான் யார் சொல்லும் கேளாமல் திரிகின்றன. நீயும் ரியானும் தென்னாபிரிக்காவில், புளூம்ஃபொன்டெயினில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் உடனே சொல்லிவிடு. கையில் போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். சனிக்கிழமை உனக்கு மாமனார் மாமியாராக வரப்போகிற ரியானின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துபோன கதையை அவர்கள் வாயால் கேட்பதற்கு முதல் நீ என்னிடம் கேட்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், மீதியில் அழுவாய், என்னைச் சொல்லி முடிக்க விடமாட்டாய். அவர்கள் வியாழக்கிழமை பிளேன் ஏறுகிறார்கள், கறித்தூள் பார்சலோடு இதையும் வைத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். தங்களைப் பற்றி எழுதியதைத் தாங்களே சுமந்துகொண்டு வருவார்கள், பாவம், ஒரு எழுத்தும் விளங்காது, அதனால் நான் பயமில்லாமல் எழுதலாம்.

முதலில் அப்பாவின் கதை. அவரோடு உனக்குக் கோபம் என்று தெரியும், கோபப்பட உனக்கு உரிமையும் இருக்கிறது. ஆனி மாதம் நீ ரியானை வீடியோவில் காட்டியபோது எல்லாம் நன்றாகத்தான் போனது, பிள்ளை வணக்கம் என்றுகூடச் சொன்னான், அவனுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய படம்தான் காரியத்தைக் கெடுத்தது. தாடியும் துவக்கும் நெஞ்சுக்குக் குறுக்கே தோட்டாப் பட்டியுமாக ஒரு மனுஷன். அது யார் என்று அப்பா கேட்க, எங்கள் பூட்டனார், பிரிட்டிஷ்காரனோடு சண்டை பிடித்த போயர் தளபதி என்று ரியான் பெருமையாகச் சொன்னான். அப்பா எழும்பித் தோட்டத்துக்குப் போனவர்தான். “ஆமிக்காரன்ரை வீட்டிலை நான் பெண் குடுக்கமாட்டன், அது எந்த நாட்டு ஆமியா இருந்தாலும் சரி” என்று பிறகு என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து நீ போன் எடுக்கும்போதெல்லாம் அவருக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை வந்துவிடும், கொட்டுகிற மழையில் என்ன தோட்டவேலையோ. இலங்கையில் அவருடைய தம்பியை ஆமி கொண்டுபோனதும் அவர் முகாம் முகாமாகத் தேடி அலைந்ததும் உனக்குத் தெரிந்தது, அதை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. சீருடை போட்ட ஒருவரைக் கண்டால், அது ரயிலில் டிக்கெட் பார்க்கிறவராக இருந்தாலும், இன்றைக்கும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்பதோ வேறு சமயம் என்பதோ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதில் கொஞ்சம் யோசித்தது நான்தான், இப்போது யோசிக்கவில்லை.

சும்மா வேண்டாம் என்றால் நீ கேட்கமாட்டாய், ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார். லைப்ரரிக்குப் போய், தென்னாபிரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வழிச் சனம் பிரிட்டிஷ்காரனோடு பிடித்த அந்தப் போயர் யுத்தத்தைப் பற்றி ஒவ்வொன்றும் செங்கல் கனத்தில் நாலைந்து புத்தகம் தூக்கிக்கொண்டு வந்தார். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்த காலம் முழுக்க லொத்தர் சீட்டுக்குமேல் ஒன்றும் வாசிக்காத மனுஷன், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். குற்றம் பிடிக்கப் போனவருக்கு என்ன நடந்ததென்று நினைக்கிறாய்? இரண்டாம் புத்தகம் முடியுமுன் அவரே போயராகிவிட்டார். “வசந்தம், இவையள் ஆமி இல்லையடி, தோட்டக்காரர். சீருடையும் இல்லை, சம்பளமும் இல்லை, வீட்டுக் குதிரையிலை ஏறி வந்து சண்டை பிடிச்சிருக்கினம்” என்று சமையலறைக்கு ஓடிவந்து சொல்கிறார், நான் மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு சண்டையை எனக்கு விளக்கச் சாப்பாட்டு மேசையில் சோற்றைக் குவித்து மலை செய்தார். பருப்புக்கறிதான் ஆறு. கத்தரிக்காய்த் துண்டெல்லாம் பிரிட்டிஷ் பட்டாளம். பனிமூட்டத்தில் கத்தரிக்காய் மலை ஏறிப் பள்ளம் வெட்டிப் படுத்ததாம், பனி விலகிப் பார்த்தால் சுற்றியிருந்த மற்ற மலைகளிலெல்லாம் போயர் இருந்தார்களாம், அதாவது அப்பளம். அந்தப் பிரிட்டிஷ் ஜெனரல் ஆற்றைக் கடக்க எத்தனை தரம் போய் எத்தனை தரம் திரும்பி வந்தார் என்று சொல்லி முடிய என் தட்டில் இருந்த ஆறும் ஆறிப்போய்விட்டது. சவரம் செய்வதையும் விட்டார். போயர் ஜெனரல்மார் எல்லாரும் தாடி வைத்தவர்கள், பிரிட்டிஷ் ஜெனரல்மார் வெறும் மீசைக்காரர்கள், தாடியைக் கண்டால் அது போயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமாம். சுஜீத் தகப்பனைப் பார்த்துவிட்டு, கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகப் போகிறீர்களா அப்பா என்று கேட்டான்.

ஆனால் ஒன்று, உன் விஷயத்தில் மட்டும் அசையவில்லை. போயர் நல்ல சனம், சரி, ஆனால் அந்தத் தளபதிக்குப் பிறகு அந்த வீட்டில் யார் யார் துவக்குத் தூக்கினார்களோ யாருக்குத் தெரியும், சண்டையில் தோற்ற சனம் பிறகு அந்த நாட்டில் கறுப்புச் சனத்துக்குச் செய்ததெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, விருந்துக்குக் கூப்பிடுவது வேறு பெண் கொடுப்பது வேறு என்று சொன்னார். உன் சம்பந்தம் முழுவதும் சனிக்கிழமைச் சாப்பாட்டில்தான் தொங்கியது, அந்தப் பயத்தில் நான் புட்டுமாவை இரண்டு தரம் வறுத்தேன். இதற்கிடையில் அவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். எங்கள் வீதிக்குப் பெயர் வைத்திருக்கும் கிச்சனர் என்ற பிரிட்டிஷ் ஜெனரல்தான் போயருடைய பண்ணைகளைக் கொளுத்தச் சொல்லிப் பெண்களையும் பிள்ளைகளையும் முகாமில் அடைக்க வைத்தவராம். இவ்வளவு வருஷமும் கொப்பியிலும் கவருக்கு மேலும் நாங்கள் அந்தப் பெயரைத்தான் எழுதினோம், யாராவது யோசித்தோமா? சம்பந்தி வந்து வீதி முகப்பில் அந்தப் பெயரைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அப்பாவுக்கு நித்திரை இல்லை. பெயரை மாற்றச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதினார், தங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. கடைசியில் மூலைவீட்டு நரசிம்மனைப் பிடித்தார். வீதிப்பலகை அவர் வீட்டு மதிலில்தானே இருக்கிறது, சனிக்கிழமை அதன்மேல் ஒரு போர்வை காயப்போட முடியுமா என்று கேட்டார். திருச்சிக்காரர், ஏன் எதற்கு என்று கேட்காத நல்ல மனுஷன், “ஆமா சார், பண்ணிடலாம், எந்தக் கலர் போர்வை வேணும்?” என்றாராம்.

அதோடு விட்டாரா? சம்பந்திக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய படங்களைக் கிளறி ஒரு பெரிய படம் வாங்கி வந்தார். பக்கம் மடித்த தொப்பி, இடுப்பளவு தாடி என்று சொல்லமாட்டேன், ஆனால் நல்ல அடர்த்தியான தாடி. தாடி இருக்கிறது, அப்படியென்றால் போயர் ஜெனரல், வேறென்ன அத்தாட்சி வேண்டும். வாசலுக்கு நேரே, தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், ஆணி அடித்து மாட்டினார். நம் வீட்டில் செத்தவர் படத்தை வெறுமனே மாட்டுவதுண்டா, ஈஸ்ட் ஹாமில் மாலை வாங்கிப் போட்டு, கண்ணாடியில் சந்தனப்பொட்டு வைத்து, கீழே விளக்கும் கொளுத்தியாயிற்று. சனிக்கிழமை காலை குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கும்போது படத்தின் அடியிலும் ஒரு பித்தளைத் தகடு கறுத்துப்போய் இருந்ததைக் கண்டு அதையும் நன்றாகத் தேய்த்துப் பளபளக்க வைத்தது நான்தான். கண்ணாடி போட்டிருக்கவில்லை, அதில் எழுத்து இருந்ததை நான் கவனிக்கவில்லை, மாலை வேறு அதை மறைத்துத் தொங்கியது.

ஸ்டேஷனுக்குப் போய் காரில் கூட்டி வந்து, போர்வைப் பக்கம் பார்க்கவிடாமல் வீட்டுக்குள் இறக்குவது என்பதுதான் திட்டம். அவர்கள் ஒரு ரயில் முந்தி வந்து நடந்தே வந்துவிட்டார்கள். தூறல் வேறு. பிறத்தியார் வீட்டுப் போர்வை மதிலில் நனைகிறதே என்று உன் மாமியார் மாக்டாவுக்கு மனம் பொறுக்கவில்லையாம், எடுத்து மடித்து நரசிம்மன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறா. நரசிம்மன் பயந்துபோய்த் திரைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அதனால் அந்த ஈரப் போர்வையைக் கையில் ஏந்திக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தா. பின்னால் மாமனார் ஹெர்மன், கதவு நிறைய உயரம். வரும்போதே போனை நீட்டிக் காட்டினார், கிச்சனர் வீதிப் பலகைக்குக் கீழே இருவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம், வீட்டில் எல்லாருக்கும் அனுப்பியாயிற்றாம். அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதற்குமேல் ஹெர்மனுக்குத் தாடியே இல்லை, சின்னதாக வெட்டிய மீசை மட்டும். அப்பா தன் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

மாலை போட்ட படம் என்றால் காலமான பெரியவர் என்று நீதானே மாக்டாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அந்த மனுஷி போர்வையை சுஜீத்தின் கையில் கொடுத்துவிட்டு, நேரே அந்தத் தாடிக்காரருக்கு முன்னால் போய் நின்று, கைகூப்பித் தலை குனிந்து, கொண்டுவந்த பூங்கொத்தையும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தா, கண்ணை மூடி ஏதோ செபமும் சொன்னா. தாத்தா பக்கத்தில் பூ இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, இவர் உங்களுடைய ஜெனரல், உங்களுக்காகத்தான் மாட்டினேன் என்று சொன்னார். ஹெர்மன் கிட்டப் போய்க் குனிந்து, மாலையை ஒரு விரலால் விலக்கி, நான் புளி போட்டுத் தேய்த்த தகட்டை வாசித்தார். பிறகு மெதுவாக, இவர் எங்கள் ஆளில்லை, கப்டன் விட்கோம்ப், மகாராணியின் படை, எங்கள் ஆட்கள் சுட்டது இவரைத்தான், தாடியைப் பார்த்தால் முற்றுகையில் அகப்பட்டுச் சவரக்கத்தி இல்லாமல் வளர்த்தது போலிருக்கிறது என்று சொன்னார். மாக்டா என்னைப் பார்த்தா, படத்தைப் பார்த்தா, தான் வைத்த பூவைப் பார்த்தா, பிறகு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தா. “ஒருக்காச் சொல்லியிருந்தா நான் போனிலை பாத்துச் சொல்லியிருப்பன் அப்பா” என்று சுஜீத் போர்வையோடு நின்று சொல்ல, இவர் “நீ போய் அதைக் காயப்போடு” என்று பாய்ந்தார்.

மேசையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அவர்கள் இங்கே ஏதோ தென்னாபிரிக்கக் கடையில் வாங்கிய மான்வற்றல் கொண்டுவந்திருந்தார்கள், மாடு ஆகாது என்று நீ சொல்லியிருந்தாயாம். மான் என்றால் வள்ளியம்மையின் தாய்வழிச் சொந்தமாயிற்றே என்று நான் யோசித்து முடிக்குமுன் சுஜீத் பாதியைத் தின்றுவிட்டான். ஹெர்மன் கையால் பிசைந்து புட்டும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டார், சொதியைக் கோப்பையில் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்போதுதான் அந்தப் பூட்டன் தளபதியின் உண்மைக் கதை வெளியே வந்தது. தளபதியும் இல்லை ஒன்றும் இல்லை, வண்டி மாடுகளுக்குப் பொறுப்பாக இருந்தவராம், வருஷத்துக்கு வருஷம் நாங்கள்தான் வீட்டில் பதவி உயர்வு கொடுத்தோம் என்று சொல்லி ஹெர்மனே சிரித்தார். சண்டை தொடங்கிக் கொஞ்ச நாளில் வண்டிக்குக் கீழே நித்திரை கொள்ளும்போது பிடிபட்டு, கப்பலேற்றி இலங்கைக்கு, தியத்தலாவையில் இருந்த போர்க்கைதி முகாமுக்கு அனுப்பப்பட்டவராம். படத்தில் இருக்கிற துவக்கு ஸ்டூடியோக்காரருடையதாம். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “பாத்தியே வசந்தம், மாட்டுக்காரர்!” என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, தைரியம் வந்து, அப்படியென்றால் உங்கள் வீட்டில் ஆமி என்று ஒருவரும் இல்லைத்தானே என்று ஹெர்மனிடம் கேட்டார், இல்லை என்ற பதிலுக்குக் கையில் இன்னொரு கரண்டி கறியோடு காத்துக்கொண்டு.

ஹெர்மன் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். நான் ஆமியில் இருந்தேன் என்றார். பள்ளிக்கூடம் முடித்த பொடியன்களை எல்லாம் அரசாங்கம் கட்டாயமாக எடுத்த காலம், வடக்கு எல்லையில் சண்டைக்குக் கொண்டுபோய் விட்டார்கள், மறுத்தவர்களும் இருந்தார்கள், நான் மறுக்கவில்லை, போனேன், அங்கே கறுப்புச் சனத்தின் ஊர்களுக்குள் போய் வீடுகளைச் சோதனை போட்டோம், கதவைத் திறந்த தாய்மாரின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது, இதில் எனக்குப் பெருமை இல்லை என்று, மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்பா கரண்டியை வைத்தார், எழும்பினார், தோட்டத்துக்குப் போனார். என் பிள்ளையின் கல்யாணம் இதோடு குழம்பிவிட்டது என்று நான் நினைத்தேன் மிதுஷா. சோதனைக்கு வந்து கதவைத் தட்டியவர்களைத்தான் அப்பாவுக்குத் தெரியும், அந்தப் பக்கத்தில் நின்ற ஒருவரோடு அவர் இதுவரைக்கும் ஒரு மேசையில் இருந்ததில்லை. கொஞ்சநேரம் பொறுத்து ஹெர்மன் கையைக் கழுவிவிட்டு அவர் பின்னால் போனார். மாக்டா துவாயை எடுத்து நான் கழுவக் கழுவக் கோப்பைகளைத் துடைத்தா. இதை அவர் ரியானுக்கே இதுவரை சொன்னதில்லை, உங்கள் வீட்டில் ஏன் சொன்னாரென்று எனக்கே தெரியவில்லை என்று மட்டும் சொன்னா. ஜன்னலால் பார்த்தேன், தூறலில் இரண்டு பேரும் ஷெட் பக்கத்தில் நின்றார்கள். அப்பா நிறையக் கதைத்தார், ஹெர்மன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார், கடைசியில் அவரும் ஏதோ ஒன்று சொன்னார். திரும்பி வந்து அப்பா தேத்தண்ணி கேட்டார், இரண்டு கோப்பை என்றார். என்ன கதைத்தீர்கள் என்று மூன்று நாளாகக் கேட்கிறேன், மழையைப் பற்றி என்கிறார். கப்டன் விட்கோம்பை இன்னும் கழற்றவில்லை, பொட்டு வைத்த படத்தை எப்படிக் குப்பையில் போடுவது என்று கேட்கிறார்.

மகளே, இவ்வளவுதான் நடந்தது. அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எனக்கு மனம் கிடந்து அடிக்கிறது, இருந்தாலும் தேத்தண்ணி இரண்டு கோப்பை கேட்டாரே என்று அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். ஹெர்மன் சொன்ன கதையை நீ ரியானிடம் சொல்லிவிடாதே, தகப்பனே மகனுக்குச் சொல்லட்டும். கறித்தூளைப் பிரிட்ஜில் வை. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு, வேலைக்கு வெறும் வயிற்றோடு ஓடாதே, மாக்டாவை மாமி என்று கூப்பிடு, நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அந்த மனுஷிக்கு அது பிடித்திருக்கிறது. அம்மனும் முருகனும் உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் துணை இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அம்மா,
வசந்தமலர் குலசேகரம்

மகள் மிதுஷாவுக்கு, அப்பா. பார்சலுக்கு டேப் ஒட்டும்போது இதை வாசித்தேன். கத்தரிக்காய்ப் போரை அம்மா பிழையாக எழுதியிருக்கிறா, நேரில் திருத்துகிறேன். தோட்டத்தில் ஹெர்மனிடம் என் தம்பியின் கதையைச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்ல வெளிக்கிடவில்லை, அது எனக்குப் பிடித்தது. மறைத்திருக்கலாம், மறைக்கவும் இல்லை. பிறகு ஒன்றுதான் கேட்டேன். என் மகள் அழுவதென்றால் குளியலறைக் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுவாள், தண்ணீர் கனநேரம் ஓடினால் யாராவது போய்த் தட்டவேண்டும், இங்கே தட்டினது நான், அங்கே யார் தட்டுவார்கள் என்று கேட்டேன். நான் தட்டுகிறேன் என்றார். கல்யாணத்துக்கு நல்ல நாள் பார்க்கச் சொல்லி ஐயருக்குச் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.